மைசூர் மிருகக்காட்சிசாலைக்கு ஒரு நாள்

குடும்பத்தோடு மைசூர் போகிறீர்களா? அரண்மனைக்கு ஒரு நாள் என்றால், மிருகக்காட்சிசாலைக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். 1892-இல் மன்னர் பத்தாம் சாமராஜ உடையார் காலத்தில் தொடங்கிய இது, நாட்டின் மிகப் பழைய மிருகக்காட்சிசாலைகளுள் ஒன்று. ஒட்டகச்சிவிங்கி, ஆப்பிரிக்க யானை ஆகியவற்றோடு, 2021-இல் ஜெர்மனியிலிருந்து வந்த கொரில்லாக்களையும் இங்கே காணலாம்.

செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. மற்ற நாட்களில் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் புலியும் சிங்கமும் நிழல் தேடிப் படுத்துவிடும். உள்ளே நடை அதிகம். முதியவர்களுக்கு பேட்டரி கார் உண்டு.

பிஸ்கட், பழம் எதையும் விலங்குகளுக்குப் போடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் அளந்து தரும் உணவு இருக்கிறது. நாம் அன்போடு போடுவதே அதற்கு நோயாகிவிடும். கூச்சலிடுவதும் கண்ணாடியைத் தட்டுவதும் அவற்றை மிரள வைக்கும். இதைக் குழந்தைகளுக்கு வாசலிலேயே சொல்லிக்கொடுங்கள்.

விருப்பமிருந்தால், பராமரிப்புச் செலவை ஏற்று ஒரு விலங்கையோ பறவையையோ உங்கள் குழந்தையின் பிறந்தநாளில் தத்தெடுக்கவும் இங்கே வழி உண்டு.