விலையில்லா மடிக்கணினி: பழைய திரையும் செயல்திறன் எல்லைகளும்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகள், கல்லூரிகளில் படித்த மாணவர்களுக்கு எல்காட் நிறுவனத்தின் வழியாக இக்கணினிகள் கொள்முதல் செய்யப்பட்டு வழங்கப்பட்டன. அன்று அண்ணனோ அக்காவோ வாங்கி வந்த கணினியை இன்று தம்பி தங்கைகள் பயன்படுத்தும் வீடுகள் பல. பள்ளிக்கரணையில் மாலையில் பாடம் கேட்க வரும் பிள்ளைகளிடமும் அத்தகைய கணினிகளைக் காண்கிறேன். "எழுத்து மங்கலாகத் தெரிகிறது", "திறக்கவே பத்து நிமிடம் ஆகிறது" என்பவை அவர்கள் சொல்லும் இரண்டு குறைகள். இவ்விரண்டுக்கும் காரணங்கள் வேறு, தீர்வுகளும் வேறு. இதை அறியாமல் சிலர் நல்ல கணினியைத் தூக்கி எறிகிறார்கள். சிலர் பயன் தராத பழுதுபார்ப்புக்குச் செலவு செய்கிறார்கள்.

தொடக்க ஆண்டுகளின் அமைப்பு

தொடக்கத்தில் வழங்கப்பட்ட கணினிகளின் பொதுவான அமைப்பு இது: 14 அங்குலத் திரை, 1366 × 768 படப்புள்ளிகள், 2 ஜிபி நினைவகம், 320 ஜிபி வன்தட்டு. பலவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டு இயங்குதளங்களும் இருந்தன. பாடம் தட்டச்சு செய்யவும், இணையத்தில் தேடவும் அக்காலத்தில் இவை போதுமானவை.

திரையின் எல்லைகள்

படப்புள்ளிகள்: 1366 × 768 என்றால் திரையில் மொத்தம் 10,49,088 புள்ளிகள். 14 அங்குலத் திரையில் இது ஓர் அங்குலத்துக்குச் சுமார் 112 புள்ளிகள் ஆகும். அதே அளவுள்ள 1920 × 1080 திரையில் சுமார் 157 புள்ளிகள் இருக்கும்.

இந்த வேறுபாடு ஆங்கிலத்தை விடத் தமிழில் அதிகம் உணரப்படுகிறது. 10 புள்ளி அளவிலான எழுத்துக்கு வழக்கமான அமைப்பில் சுமார் 13 படப்புள்ளி உயரமே கிடைக்கும். அதற்குள் 'ணூ', 'ஞூ' போன்ற எழுத்துகளின் சுழிகளும் கால்களும் அடங்க வேண்டும். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளிக்கு ஒன்றிரண்டு படப்புள்ளிகளே மிஞ்சும். 'ழ்' என்பது 'ழ' போலத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பிள்ளையின் கண் குறைபாடாக இருக்க வேண்டியதில்லை. எழுத்தைப் பெரிதாக்கிய பிறகும் மங்கலாகத் தெரிந்தால் கண் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

பார்வைக் கோணம்: விலை குறைந்த பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் டிஎன் வகைத் திரையே இருக்கும். நேராகப் பார்த்தால்தான் அதில் நிறம் சரியாகத் தெரியும். கீழிருந்து பார்த்தால் படம் கறுத்து, நிறங்கள் தலைகீழாகும். மேலிருந்து பார்த்தால் வெளுக்கும். நாற்காலி மேல் கணினியை வைத்துவிட்டுத் தரையில் அமர்ந்து படிக்கும் பிள்ளைக்குப் படம் இருளாகத் தெரிவது இதனால்தான்.

நிறங்கள்: இவ்வகைத் திரைகள் பலவற்றில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 64 படிகளே உண்டு. 64 × 64 × 64 = 2,62,144 நிறங்கள். நல்ல திரையில் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். மொத்தம் 1,67,77,216 நிறங்கள். வானம் போன்ற படங்களில் நிறம் பட்டை பட்டையாகத் தெரிவது இதன் விளைவு. பாடம் படிக்க இது தடையில்லை. வரைகலை, ஒளிப்படத் திருத்தம் பயில்வோருக்கு இது உண்மையான குறை.

வேகத்தின் எல்லைகள்

நினைவகம்: நினைவகத்தை எழுதும் மேசை என்றும், வன்தட்டை அலமாரி என்றும் கொள்ளலாம். மேசை நிறைந்தால் ஒவ்வொரு நூலையும் அலமாரியில் வைத்து எடுத்துத்தான் வேலை செய்ய வேண்டும். இன்றைய உலாவியில் சில பக்கங்களைத் திறந்தாலே 2 ஜிபி மேசை நிறைந்துவிடும்.

வன்தட்டு: அந்த அலமாரியும் தொலைவில் இருக்கிறது. மடிக்கணினி வன்தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்றுகள் சுழல்பவை. தேவையான இடம் முள்ளின் அடியில் வர அரைச் சுற்று, அதாவது சராசரியாக 5.6 மில்லி நொடி ஆகும். முள் நகரும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் தகவல்களை நொடிக்கு நூறு முறை கூட எடுக்க முடியாது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி இதை ஆயிரக்கணக்கான முறை செய்யும்.

காணொளி: பழைய செயலிகளில் புதிய காணொளிச் சுருக்க முறைகளை விரிக்கும் தனிச் சுற்று இல்லை. முழுச் சுமையும் செயலியின் மேல் விழுவதால் படம் விட்டுவிட்டு ஓடும், விசிறி இரையும். 1080 தரக் காணொளியில் ஒவ்வொரு படத்துக்கும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளை விரித்த பின், திரைக்காக அவற்றைப் பாதியாகச் சுருக்க வேண்டியிருக்கிறது. திரை காட்டவே முடியாத நுணுக்கத்துக்காகச் செயலி வீணாக உழைக்கிறது. 480 தரத்தைத் தேர்ந்தால் ஆசிரியரின் குரலும் கரும்பலகையும் தடையின்றி வரும்.

மாற்றக்கூடியவை, மாற்ற முடியாதவை

வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி பொருத்துவதே பெரும்பாலும் அதிகப் பயன் தரும் மாற்றம். நினைவகத்தையும் பல கணினிகளில் கூட்டலாம். ஆனால் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 2 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. இயங்குதளத்தை மாற்றாமல் நினைவகத்தை மட்டும் கூட்டினால் பணம் வீண். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு ஆதரவும் பொதுப் பயனர்களுக்கு 2020 ஜனவரி 14 அன்று முடிந்துவிட்டது. எனவே அதில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம். லுபுண்டு போன்ற எடை குறைந்த லினக்ஸ் இத்தகைய கணினிகளுக்குப் பொருந்தும்.

செயலியை மாற்றுவது இவ்வகைக் கணினிகளில் நடைமுறைக்கு ஒத்து வராது. எஸ்எஸ்டி போட்டாலும் நினைவகத்தைக் கூட்டினாலும் திரையில் ஒரு புள்ளி கூடக் கூடாது.

செலவுக்கு முன் செய்ய வேண்டியவை

1. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் விண்டோஸில் பணி மேலாளர் திறக்கும். கணினி திணறும்போது நினைவகம் நிறைந்திருக்கிறதா, செயலி நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். செயலி எப்போதும் நிறைந்திருந்தால் நினைவகம் கூட்டிப் பயனில்லை.
2. எழுத்தைப் பெரிதாக்கத் திரையின் புள்ளி எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள், எல்லாமே மங்கும். 1366 × 768 அளவிலேயே வைத்து, உலாவியில் கண்ட்ரோல், கூட்டல் குறி விசைகளால் பெரிதாக்குங்கள்.
3. திரையின் சாய்வைக் கண்ணுக்கு நேராக வையுங்கள். சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்தால் திரையில் வெளிச்சம் பிரதிபலிக்கும்.
4. எந்த மாற்றத்துக்கும் முன் கோப்புகளைப் படியெடுத்து வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு கணினி உதவாது என்றால், அதைக் குப்பைத் தொட்டியில் போடாமல் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும். சுற்றுப் பலகையின் பற்றாசிலும் மின்கலத்திலும் உள்ள வேதிப்பொருள்கள் மண்ணிலும் நீரிலும் கலக்கக்கூடியவை. பெருங்குடிக் குப்பைக் கிடங்கு வளர்ந்தது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல்தான். அந்தச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது. பாடம் படிக்கவும் கட்டுரை எழுதவும் இன்னும் சில ஆண்டுகள் உதவக்கூடிய கணினியை அதற்கு முன்பே குப்பையாக்க வேண்டியதில்லை.