எஞ்சின் மாற்றினால் போதுமா?

பழைய காருக்கு வேறு எஞ்சின் வைப்பவர்கள் பலர் ஆட்டோமேடிக் கியர்பாக்ஸை மறந்துவிடுகிறார்கள். நஷ்டம் அங்கேதான் வருகிறது.

அமெரிக்காவில் எஞ்சின் மாற்றுவோர் விரும்பி எடுப்பது, ஜெனரல் மோட்டார்ஸ் 1982 மாடல்களில் கொண்டுவந்த 700ஆர்4 கியர்பாக்ஸ். இதில் கார்புரேட்டரிலிருந்து ஒரு கேபிள் கியர்பாக்ஸுக்குப் போகிறது. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதை அதுதான் தெரிவிக்கிறது. கியர் எப்போது மாற வேண்டும் என்பதோடு, கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிக்கும் ஆயில் பிரஷரும் இந்தக் கேபிளைப் பொறுத்ததே.

வேறு கார்புரேட்டர் வந்தால் கேபிள் இழுபடும் அளவு மாறிவிடும். கேபிள் தளர்ந்தால் பிரஷர் குறையும், தட்டுகள் வழுக்கும், சூடேறிக் கருகும். கியர் சீக்கிரமே, மெத்தென்று மாறுவதைப் பார்த்து, ‘வண்டி நன்றாக ஓடுகிறது’ என்று ஏமாறுபவர்களும் உண்டு. சிவப்பாக இருந்த ஆயில் கறுத்துத் தீய்ந்த வாடை அடிக்கும்போதுதான் விஷயம் புரியும்.

ஆகவே, முதலில் எஞ்சினின் டைமிங்கையும் ஐடிலிங்கையும் சீராக்க வேண்டும். எஞ்சின் திணறினால் பழி கியர்பாக்ஸ் மேல் விழும். அடுத்து கேபிள். பிறகு கேஜ் மாட்டி பிரஷரைப் பார்க்க வேண்டும். அதுவரை தெருமுனைக்குக்கூட வண்டியை எடுக்கக் கூடாது.

தராசு முள்ளைப் பார்க்காமல் நாம் சரக்கு நிறுப்பதில்லையே!