கணினிக்குள் ஒரு வாய்க்கால்



அடுப்பிலிருந்து இறக்கிய பால், டம்ளரில் ஆவி பறக்க நிற்கிறது. பள்ளிக்கு நேரமாகிவிட்டது. அம்மா என்ன செய்வார்? ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவே டம்ளரை வைப்பார். கொஞ்ச நேரத்தில் பால் குடிக்கிற சூட்டுக்கு வந்துவிடும். மேசை மேல் சும்மா வைத்திருந்தால் அதே நேரத்தில் நாக்கு பொசுங்கும் சூட்டோடுதான் இருக்கும்.

இப்போது கிண்ணத்துத் தண்ணீரில் விரல் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். பாலில் இருந்த வெப்பம் டம்ளரின் சுவர் வழியாகத் தண்ணீருக்கு இடம் மாறியிருக்கிறது. இந்த ஒரு காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணினியைத் தண்ணீரால் குளிர்விப்பது எப்படி, அதற்கு எந்தெந்தப் பாகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதெல்லாம் இதிலிருந்தே புரிந்துவிடும்.

நகத்தளவு அடுப்பு

கணினியின் மூளையான செயலி, உங்கள் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய சிலிக்கன் துண்டு. அது வாங்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே வெளியே வருகிறது. சாதாரணச் செயலி 65 வாட், வேகமானது 125 வாட், மிக வேகமானவை 250 வாட்கூட இழுக்கும். இஸ்திரிப் பெட்டி 1000 வாட் ஆயிற்றே, அதைவிடக் குறைவுதானே என்று நினைக்கலாம். ஆனால் இஸ்திரிப் பெட்டியின் வெப்பம் உள்ளங்கையைவிடப் பெரிய தகட்டில் பரவிக்கிடக்கிறது. சதுர சென்டிமீட்டருக்குக் கணக்குப் போட்டால் ஐந்தாறு வாட்தான் வரும். 125 வாட் செயலியிலோ இரண்டே சதுர சென்டிமீட்டரில் அவ்வளவும் கிளம்புகிறது. அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 60 வாட்டுக்கு மேல்! இந்த வெப்பத்தை உடனுக்குடன் அகற்றாவிட்டால், ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது செயலி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

வழக்கமாக இந்த வேலையைச் செய்வது காற்று. செயலியின் மேல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் உலோக ஹீட்சிங்க், அதன் மேல் ஒரு மின்விசிறி. பெரும்பாலான கணினிகளுக்கு இதுவே போதும். ஆனால் வெப்பத்தைச் சுமப்பதில் காற்று பலம் குறைந்த கூலியாள். ஒரு லிட்டர் காற்றும் ஒரு லிட்டர் தண்ணீரும் ஒரே ஒரு டிகிரி சூடேறினால், தண்ணீர் சுமக்கும் வெப்பம் காற்று சுமப்பதைப் போல ஏறக்குறைய 3,500 மடங்கு. அதனால்தான் கணினிக்குள் ஒரு சிறு வாய்க்கால் வெட்டுகிறார்கள்.

வாய்க்காலில் ஒரு மடக்குத் தண்ணீர் சுற்றிவரும் வழியிலேயே நாமும் போவோம். ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து, "வெப்பத்தின் பயணத்தில் உன் வேலை என்ன?" என்று கேட்போம். விடை தெரிந்தால் தேர்ந்தெடுப்பது எளிது.

வாட்டர் பிளாக்: வெப்பம் ஏறும் இடம்

செயலியின் மேல் உட்காரும் உலோகப் பெட்டி இது. பால் டம்ளரின் சுவர் செய்த வேலையை இங்கே செய்வது இதன் அடித்தட்டு. ஆகவே, வெப்பத்தை வேகமாகக் கடத்தும் உலோகம் வேண்டும். எவர்சில்வரை விடச் செம்பு பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும், அலுமினியத்தைவிடவும் மேல். நல்ல வாட்டர் பிளாக்கின் அடித்தட்டு செம்பாகவோ, நிக்கல் முலாம் பூசிய செம்பாகவோ இருக்கும். அதன் உட்புறத்தில் சீப்புப் பற்களைப் போல மெல்லிய வரிப்பள்ளங்கள் உண்டு. ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அகலம். தண்ணீர் தொட்டுச் செல்லும் பரப்பு அதிகமானால் வெப்பமும் அதிகமாக ஏறும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

வாங்குமுன் பார்க்கவேண்டியது: உங்கள் கணினியின் செயலி அமரும் சாக்கெட் எது? எல்ஜிஏ1700, ஏஎம்5 என்று அதற்குப் பெயர் இருக்கும். அந்தச் சாக்கெட்டுக்குப் பொருந்தும் பிடிப்பு பெட்டிக்குள் இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். செயலிக்கும் பிளாக்குக்கும் நடுவில் தெர்மல் பேஸ்ட் மெலிதாகத் தடவுவார்கள். வழுவழுப்பாகத் தெரியும் இரண்டு உலோகங்களுக்கு நடுவிலும் கண்ணுக்குத் தெரியாத காற்று இடுக்குகள் உண்டு. அவற்றை அந்தப் பசை அடைத்துவிடும்.

ரேடியேட்டர்: வெப்பம் இறங்கும் இடம்

இங்கே ஒரு கணக்கு. வாய்க்காலில் ஒரு லிட்டர் தண்ணீர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4,200 ஜூல் வேண்டும். செயலியும் மற்றவையும் சேர்ந்து 200 வாட், அதாவது நொடிக்கு 200 ஜூல் தருகின்றன. 4,200-ஐ 200-ஆல் வகுத்தால் 21. ஆக, 21 நொடிக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீர் சூடேறும். 30 டிகிரியில் தொடங்கினால் பத்து நிமிடத்துக்குள் 58 டிகிரியைத் தாண்டிவிடும்! தண்ணீர் வெப்பத்தைச் சுமக்கத்தான் செய்யும். சுமந்ததை எங்கேயாவது இறக்கிவைத்தாக வேண்டும். இறக்கிவைக்கும் இடம்தான் ரேடியேட்டர். முதன்முதலாகப் பொருத்துகிறவர்கள் அதிக அக்கறையோடு தேர்ந்தெடுக்கவேண்டிய பாகமும் இதுதான்.

சூடான காப்பியை டம்ளரிலிருந்து டவராவுக்கு உயர்த்தி ஊற்றி ஆற்றுகிறோம். மெல்லிய நீண்ட தாரையாக விழும்போது காப்பிக்கும் காற்றுக்கும் தொடும் பரப்பு கூடுகிறது. ரேடியேட்டரும் அதே தந்திரத்தைச் செய்கிறது. தட்டையான சிறு குழாய்களில் தண்ணீர் பிரிந்து ஓடும். குழாய்களுக்கு நடுவே மெல்லிய உலோகத் தகடுகள் மடிப்பு மடிப்பாக இருக்கும். மின்விசிறி அவற்றின் ஊடே காற்றைத் தள்ளும்.

ரேடியேட்டர்களை அவற்றில் பொருந்தும் விசிறியின் அளவை வைத்து அழைப்பார்கள். ஒரு 120 மில்லிமீட்டர் விசிறி பொருந்தினால் 120, இரண்டு பொருந்தினால் 240, மூன்று என்றால் 360. செயலிக்கு மட்டும் என்றால் 240 நல்ல தொடக்கம். திரையில் படங்களை வரையும் கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்துக் குளிர்விக்க வேண்டுமென்றால் 360 அல்லது அதற்கு மேல். பெரிய ரேடியேட்டர் என்றால் விசிறிகள் மெதுவாகச் சுற்றினாலே போதும், இரைச்சலும் குறையும். ஆனால் வாங்குமுன் டேப் எடுத்து, கணினியின் பெட்டியான கேபினெட்டின் உட்புறத்தை அளந்துவிடுங்கள். ரேடியேட்டரின் தடிமனோடு விசிறியின் 25 மில்லிமீட்டரையும் கூட்டிக்கொள்ள மறக்காதீர்கள். விசிறியும் நெருக்கமான தகடுகளுக்குள் காற்றை அழுத்தித் தள்ளக்கூடிய வகையாக இருக்க வேண்டும்.

இன்னொரு உண்மை. எவ்வளவு பெரிய ரேடியேட்டர் போட்டாலும் தண்ணீர் அறையின் வெப்பநிலைக்குக் கீழே போகாது. அறையில் 33 டிகிரி என்றால் தண்ணீர் அதைவிடச் சில டிகிரி கூடுதலாகத்தான் இருக்கும். "மண்பானைத் தண்ணீர் மட்டும் சில்லென்று இருக்கிறதே!" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. மண்பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ரேடியேட்டரோ மூடிய குழாய். அங்கே ஆவியாவதற்கு வழியில்லை.

பம்ப்பும் தொட்டியும்

தண்ணீரை ஓடவைப்பது 12 வோல்ட் பம்ப். டி5, டிடிசி என்ற இரண்டு வகைகள் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளன. டி5 சற்றுப் பெரியது, சத்தம் குறைவு. டிடிசி சிறியது, இடம் குறைவான கேபினெட்டுக்கு ஏற்றது. முதல் முயற்சிக்குப் பம்ப்பும் தண்ணீர் நிற்கும் தொட்டியும் ஒன்றாகச் சேர்ந்து வரும் வகையை வாங்குவது நல்லது. இணைப்புகள் குறையும், கசியும் வாய்ப்பும் குறையும்.

தனித்தனியாக வாங்கினால் ஒரு விதியை மீறவே கூடாது. தொட்டி மேலே, பம்ப் கீழே. தண்ணீர் தானாக இறங்கிப் பம்ப்புக்குள் நிறைய வேண்டும். இந்தப் பம்ப்புகளின் உள்ளே சுழலும் பகுதிக்கு எண்ணெய் கிடையாது. ஓடும் தண்ணீரே அதற்கு வழவழப்பைத் தருகிறது. வறட்டு ஓட்டம் ஓடினால் பம்ப் கெட்டுவிடும்.

குழாயும் இணைப்பும்

வளையும் டியூப், வளையாத டியூப் என்று இரு வகை. வளையாததைச் சூடுகாட்டி வளைக்க வேண்டும். பார்க்க அழகு, ஆனால் பழக்கம் தேவை. முதல் தடவை வளையும் டியூப்தான் சரி. அதில் 10/13 என்று எழுதியிருந்தால் உள்விட்டம் 10 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 13 மில்லிமீட்டர் என்று பொருள். இணைப்பான ஃபிட்டிங்கிலும் அதே இரண்டு எண்கள் இருக்க வேண்டும். 10/16 ஃபிட்டிங்கில் 10/13 டியூப் இறுகாது, தண்ணீர் கசியும்.

ஃபிட்டிங்கின் மறுமுனை மரைக்கு ஜி 1/4 என்று பெயர். ஏறக்குறைய எல்லாப் பாகங்களுக்கும் இந்த ஒரே மரைதான் என்பதால் கவலையில்லை. வீட்டுக் குழாய்க்கு பிளம்பர் வெள்ளை நாடா சுற்றுவார் அல்லவா? இங்கே அது வேண்டாம். ஃபிட்டிங்கின் அடியில் உள்ள ரப்பர் வளையமே தண்ணீரை அடைக்கும். கையால் இறுக்கினால் போதும். ஸ்பானரால் முறுக்கினால் வளையம் நசுங்கிவிடும்.

எலுமிச்சையில் செய்த பேட்டரி ஞாபகமிருக்கிறதா?

எலுமிச்சம்பழத்தில் ஒரு செம்புக் கம்பியையும் ஒரு துத்தநாக ஆணியையும் குத்தி மின்சாரம் எடுக்கும் சோதனையைச் செய்திருப்பீர்கள். 1800-ல் இத்தாலிய அறிஞர் வோல்டா செம்பு, துத்தநாகத் தட்டுகளை உப்புநீரில் நனைத்த துணியோடு அடுக்கி உலகின் முதல் பேட்டரியைச் செய்தார். இரண்டு வேறு உலோகங்களை ஒரே நீர் தொட்டால், அவற்றை மின்கம்பியோ வேறு உலோகமோ இணைத்தால், அது பேட்டரி. அப்போது ஒரு உலோகம் மெல்ல அரித்துக் கரையும்.

செம்புப் பிளாக்கையும் அலுமினிய ரேடியேட்டரையும் ஒரே வாய்க்காலில் சேர்த்தால் இதே கதை நடக்கும். அலுமினியம் அரிக்கும், துகள்கள் பிளாக்கின் மெல்லிய பள்ளங்களை அடைக்கும். ஆகையால் செம்பு, பித்தளை, நிக்கல் ஆகியவை ஒரு குடும்பம். அவற்றோடு அலுமினியத்தைச் சேர்க்காதீர்கள். விலை மலிவாகக் கிடைக்கும் ரேடியேட்டர் அலுமினியமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஊற்றும் நீரும் முக்கியம். குழாய்த் தண்ணீரில் உப்புகள் உண்டு. கொதிக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறார்களே, டிஸ்டில்டு வாட்டர், அந்த வகைத் தூய நீர்தான் இங்கே அடிப்படை. அதோடு அரிப்பைத் தடுக்கும் மருந்தும் பாசியைத் தடுக்கும் மருந்தும் சேரவேண்டும். இவை இரண்டும் கலந்த கூலண்ட் தயாராகவே கிடைக்கும். பால்போல் நிறமுள்ள கூலண்டில் நுண்துகள்கள் இருக்கும், நாளடைவில் படியக்கூடும். முதல் முறைக்குக் கண்ணாடிபோல் தெளிவானதே நல்லது. சில கூலண்டுகளில் எத்திலீன் கிளைகால் இருக்கும். அது இனிக்கும், ஆனால் நஞ்சு. தம்பி தங்கைகளுக்கும் நாய் பூனைகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

எது முதலில், எது பிறகு?

செயலியிலிருந்து சூடாகிவரும் தண்ணீர் நேராகக் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகலாமா, நடுவில் ரேடியேட்டர் வேண்டுமா? கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு மூன்று லிட்டர் ஓடுகிறது என்றால் நொடிக்கு 50 கிராம். அதை ஒரு டிகிரி சூடாக்க 210 ஜூல் தேவை. 200 வாட் செயலியைக் கடக்கும்போது தண்ணீர் ஒரு டிகிரிகூடச் சூடாவதில்லை! எனவே வரிசையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தொட்டிக்கு அடுத்துப் பம்ப் என்பது மட்டும் மாறக்கூடாது. டியூப் மடங்காமல், குறைந்த நீளத்தில் எந்த வழி அமைகிறதோ அதுவே நல்ல வழி.

எல்லாம் பொருத்தியபின் கணினியை உடனே இயக்கக்கூடாது. ஒவ்வோர் இணைப்பின் அடியிலும் டிஷ்யூ தாளை வைத்து, பம்ப்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்ப்பார்கள். தாளில் ஒரு சொட்டு ஈரம் தெரிந்தாலும் நிறுத்திச் சரிசெய்ய வேண்டும். தூய நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் உலோகங்களைத் தொட்டு ஓடிய நீர் தூய்மையாக இருப்பதில்லை. தண்ணீரும் மின்சாரமும் சந்திக்கும் இந்த வேலையைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தே செய்யவேண்டும்.

இவ்வளவும் வேண்டாம், எளிதாகத் தொடங்கலாம் என்றால், தொழிற்சாலையிலேயே நீர் நிரப்பி மூடிய ஒருங்கிணைந்த குளிர்விப்பான் கிடைக்கிறது. அதில் பம்ப் வாய்க்காலின் உச்சியில் நிற்காதபடி பொருத்தவேண்டும். உள்ளே இருக்கும் கொஞ்சக் காற்று மேலே போய்ச் சேரும் என்பதுதான் காரணம். வீட்டுப்பாடம் எழுதவும் படம் பார்க்கவும் மட்டும் பயன்படும் கணினிக்கோ, காற்றே போதும். பணத்தைச் சேமித்துப் புத்தகம் வாங்கலாம்.

வெந்நீராலும் குளிர்விக்கலாம்!

2010-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் உள்ள இடிஎச் பல்கலைக்கழகத்தில், ஐபிஎம் நிறுவனம் 'அக்வாசார்' என்ற மீத்திறன் கணினியை நிறுவியது. அதைக் குளிர்விக்க அனுப்பப்பட்டது ஏறக்குறைய 60 டிகிரி வெந்நீர். சிப்பின் சூடு அதையும்விட அதிகம் என்பதால் வெப்பம் வெந்நீருக்குள்ளும் பாய்ந்தது. இன்னும் சூடாகி வெளியே வந்த அந்த நீரைப் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு வெம்மையூட்டப் பயன்படுத்தினார்கள். கணினியின் கழிவு வெப்பம் குளிர்நாட்டு மனிதர்களுக்குப் போர்வையாயிற்று.

இன்று மாலை நீங்களும் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே மாதிரியான இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் ஒரே அளவு வெந்நீரைப் பெரியவர்களை ஊற்றித் தரச் சொல்லுங்கள். ஒன்றை மேசை மேலும், மற்றொன்றைப் பச்சைத் தண்ணீர்க் கிண்ணத்திலும் வையுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியால் அளந்து, பத்து நிமிடம் வரை வரைபடத்தாளில் புள்ளி வையுங்கள். இரண்டு கோடுகள் கிடைக்கும். பாகங்கள் வாங்கக் கடைக்குப் போகும் நாள் வரும்போது அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பாகத்தைக் கையில் எடுத்தாலும், "வெப்பத்தை நீ எங்கிருந்து வாங்கி எங்கே கொடுப்பாய்?" என்று முதலில் கேளுங்கள். விலையை அதற்குப் பிறகு கேட்கலாம்.