கூட்டுக்குடும்பமும் ஒரு கையடக்க விளையாட்டுக் கணினியும்

பலெர்மோ எண்டவுடனே எங்கட ஆக்களுக்கு ஞாபகம் வாறது பல்லறோ சந்தையும், பெல்லெக்ரீனோ மலையில இருக்கிற சாந்தா ரொசாலியா கோயிலும்தான். சைவக்காரர், வேதக்காரர் எண்டு பாராமல் எல்லாரும் ஏறுற மலை அது. அதைப் பற்றி எழுதக் கன பேர் இருக்கினம். நான் எழுதப்போறது சித்தி வீட்டு விறாந்தையில மூண்டு மாசமா நடந்த ஒரு போரைப் பற்றி :)

போருக்குக் காரணம், ஒரு கையடக்க விளையாட்டுக் கணினி. சித்தியின்ட மகளுக்கு 17, மகனுக்கு 14. நான் மாஸ்டர்ஸ் படிக்க வந்து அவையோடதான் இருக்கிறன். வீட்டில கணினி படிக்கிற ஆள் எண்டு ஒருத்தன் இருந்தால் தீர்ப்புச் சொல்லுற வேலை தானா வந்து சேருமே. "தம்பி, அறுநூறு யூரோவுக்கு மேல ஒரு சதமும் இல்லை, ரெண்டு பேருக்கும் ஒண்டுதான், சண்டை வரக்கூடாது" - இது சித்தப்பா போட்ட நிபந்தனை. உணவகத்தில நிண்டு உழைக்கிற மனுசன். அறுநூறு யூரோ அவருக்கு விளையாட்டுக் காசு இல்லை.

முதல் கதை: கையடக்கம் எண்டால் ரெண்டு சாதி. நிண்டெண்டோ சுவிட்ச் மாதிரி அதுக்கெண்டு செய்த விளையாட்டு மட்டும் ஓடுறது ஒண்டு. முழுக் கணினியையே கைக்குள்ள சுருக்கினது மற்றது. ரெண்டாவது சாதியைச் சனத்துக்குப் பழக்கினது 2022 பெப்ரவரியில வந்த வால்வ் கம்பனியின் ஸ்டீம் டெக். 2023 ஜூனில அசூஸ் ரொக் அலை, அதே வருஷம் லெனோவோ லீஜியன் கோ எண்டு வரிசையா வந்திட்டுது. நிண்டெண்டோவும் 2025 ஜூனில சுவிட்ச் 2 விட்டது.

வேகம் மட்டும் பார்த்தால் அலை டெக்கை வெல்லும். திரை 1080பி, நொடிக்கு 120 தரம் புதுப்பிக்கும். டெக்கின் திரை 1280க்கு 800தான். ஆனால் கையில பிடிச்சுப் பார்த்தால் கதை வேற. அலையில ஓடுறது விண்டோஸ், அது விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் எண்டு செய்த சாமான். பஸ்ஸுக்குள்ள விளையாட்டை நடுவில நிப்பாட்டி, பிறகு விட்ட இடத்தில தொடங்கிறது டெக்கில ஒரு பொத்தான் வேலை. எண்பது வீதம் நேரம் பெடியள் அதைத்தானே செய்வாங்கள்! 2023 நவம்பரில வந்த ஓலெட் டெக்கில மின்கலம் 40 வாட்மணியில இருந்து 50 ஆகியிருக்கு, எடையும் 669 கிராமில இருந்து 640க்கு இறங்கியிருக்கு. லீஜியன் கோவின்ட திரை 8.8 அங்குலம், பார்க்க அழகு. ஆனால் 850 கிராமுக்கு மேல. படுத்துக்கொண்டு விளையாடேக்க முகத்தில விழுந்தால் பல்லு மிஞ்சாது.

இனி சில்லெடுப்பு. தம்பி கால்பந்துப் பைத்தியம், பலெர்மோ அணியின்ட றோஸும் கறுப்பும் கலந்த சட்டையைக் கழட்டவே மாட்டான். அவனுக்கு வேண்டியது இஏ கால்பந்து. டெக்கில ஓடுறது லினக்ஸ். விண்டோஸ் விளையாட்டுகளை புரோட்டான் எண்ட ஒரு அடுக்கு மொழிபெயர்த்து ஓட்டும், அதில ஆயிரக்கணக்கான விளையாட்டு வடிவா ஓடும். ஆனால் கள்ளாட்டம் பிடிக்கிறதுக்கு எண்டு போட்ட காவல் மென்பொருள் லினக்ஸை உள்ள விடாட்டில் முடிஞ்சுது கதை. ஃபோர்ட்நைட்டும் அப்பிடி, அண்மைய இஏ கால்பந்தும் அப்பிடி. இதைக் கேட்டுப்போட்டு பெடியன் ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை.

கடைசியில வீட்டில கிடந்த பழைய விண்டோஸ் கணினி காப்பாத்திச்சுது. கால்பந்து அதில ஓடும். ஒரே வைஃபைக்குள்ள இருந்தால் அங்க ஓடுறதை டெக்கின் திரையில பார்த்து விளையாடலாம். 2025 கோடையில 512 ஜிபி ஓலெட் டெக், 569 யூரோ. எங்க வாங்கினாலும் இது ஐரோப்பாவில இருக்கிறவைக்கு: இணையத்தில வாங்கின சாமானை 14 நாளுக்குள்ள காரணம் சொல்லாமல் திருப்பலாம். இத்தாலியில ரெண்டு வருஷம் சட்டப்படியான உத்தரவாதமும் இருக்கு.

இன்னொண்டு. டெக்கை 35 பாகை வரைக்கும்தான் பாவிக்கச் சொல்லியிருக்கு. பலெர்மோவில 2023 ஜூலை 24ஆம் திகதி 47 பாகை அடிச்சுது. ஆபிரிக்காவில இருந்து வாற சிரோக்கோ காத்து வீசுற நாளில பல்கனியில வைச்சு விளையாடாதேங்கோ.

சரி, சாமான் ஒண்டு. விளையாட்டு? அதுதான் எனக்குப் பெரிய விஷயமாப் பட்டது.

ஸ்டீமில முந்தியும் பகிரலாம், 2013இல இருந்து இருக்கு. ஆனால் நூலகத்துக்குச் சொந்தக்காரன் ஏதாவது ஒரு விளையாட்டைத் திறந்தால் இரவல் வாங்கினவன் வெளிய போகோணும், அவன் விளையாடுறது வேற விளையாட்டு எண்டாலும்! 2024 செப்டம்பரில வந்த ஸ்டீம் குடும்பம் அதை மாத்திச்சுது. ஆறு பேர் வரை சேரலாம். ஒவ்வொருத்தரும் வாங்கினது பொதுப் பானைக்குள்ள போகும். ஒரு விளையாட்டு ஒரு பிரதிதான் இருந்தால் ஒரே நேரத்தில ஒருத்தர்தான் அதைத் தொடலாம். மற்றவை வேற வேற எடுத்து விளையாடலாம். சேமிச்ச ஆட்டம் அவரவர் கணக்கில தனியா இருக்கும். பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு போடலாம், பிள்ளை கேக்கிறதை பெரியாக்கள் வாங்கிக் குடுக்கலாம். 13 வயசுக்குக் குறைஞ்சவைக்குக் கணக்கே இல்லை. வேற கம்பனிக் கணக்குக் கேக்கிற சில விளையாட்டுகளும், செய்தவை வேண்டாம் எண்டு சொன்னவையும் பானைக்குள்ள வராது.

எங்கட ஊர்க் கூட்டுக்குடும்பம் மாதிரித்தான். அடுப்பு ஒண்டு, உலை ஒண்டு. குழப்பமும் அதே மாதிரித்தான். தம்பி என்ட பிரதியை வைச்சுக் கள்ளாட்டம் ஆடிப் பிடிபட்டால், அந்த விளையாட்டில எனக்கும் தடை வரலாம். இதை அவனுக்கு ரெண்டு தரம் சொல்லிட்டன். மூண்டாம் தரம் அக்காக்காரி சொன்னாள், கொஞ்சம் சத்தமா.

பாகப்பிரிவினை இன்னும் பொல்லாதது. பெரியாக்கள் எப்ப எண்டாலும் வெளிய போகலாம், ஆனால் சேர்ந்த நாளில இருந்து ஒரு வருஷம் ஆகாமல் வேற குடும்பத்தில சேரேலாது. காலியான இடமும் அது மாதிரி ஒரு வருஷம் பூட்டு. போகேக்க நீங்கள் கொண்டுவந்த விளையாட்டெல்லாம் உங்களோட வந்திடும். பாதியில விளையாடிக்கொண்டிருந்தவன் சேமிப்பை மட்டும் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

எனக்கு இடிச்சது வேறொண்டு. இந்தக் குடும்பம் ஒரே நாட்டுக்குள்ள, ஒரே வீட்டுக்குள்ள இருக்கிறவைக்குத்தான். என்ட கணக்கு இலங்கையில தொடங்கினது. இத்தாலிக்கு மாத்த, இங்கத்தைய வங்கி அட்டையால ஒண்டு வாங்க வேண்டியிருந்தது. மாத்தினது 2025 செப்டம்பர். கூடப்பிறந்த தம்பி யாழ்ப்பாணத்தில இருக்கிறான். நான் கம்பஸ் படிச்ச காலத்தில மிச்சம்பிடிச்ச காசில, தள்ளுபடி நாள் பார்த்து வாங்கின விளையாட்டுகள், ரெண்டு பேரும் ஒரு கணினியில மாறி மாறி விளையாடினது. இப்ப அதெல்லாம் ஸ்டீமின்ட கண்ணில பலெர்மோக் குடும்பத்துச் சொத்து. கூடப்பிறந்தவன் அந்நியன்!

விக்கலாமோ, எழுதிக் குடுக்கலாமோ எண்டால் அதுவும் இல்லை. 2019இல பாரிஸ் நீதிமன்றம் ஒண்டு ஸ்டீம் விளையாட்டை மறுபடி விக்கலாம் எண்டு தீர்ப்புச் சொன்னது. 2022இல மேன்முறையீட்டில அது கவுண்டு போச்சு. நாங்கள் வாங்கிறது உரிமம், சாமான் இல்லை. இந்த விஷயத்தில சுவிட்ச் அட்டை வாங்கிறவன் கெட்டிக்காரன். கூரியரில போட்டு ஊருக்கு அனுப்பலாம், அலுத்தால் விக்கலாம்.

தம்பிக்கு வட்ஸப்பில சொன்னன். "பரவாயில்லை அண்ணா, நீ அங்க இருந்து விளையாடு, நான் பார்க்கிறன்" எண்டான். இப்ப ஞாயிறு இரவில நான் திரையைப் பகிர்றன், அவன் அங்க விடிய எழும்பிப் பார்த்துக்கொண்டு "இடப்பக்கம் போ, இடப்பக்கம்" எண்டு கத்துறான். என்ட ஒரு வருஷக் கணக்கு 2026 செப்டம்பரோட சரி. படிப்பு முடிச்சு ஊருக்குப் போனால் கணக்கின்ட நாட்டையும் திருப்பி மாத்தி, அவனோட குடும்பம் போடலாம். அப்ப இங்க சின்னவன் பாதியில விடப்போற விளையாட்டுகளின்ட பட்டியலை இப்பவே எழுதி, எது எது வேணும் எண்டு கேட்டு வைச்சிருக்கிறன். அடுத்த தள்ளுபடியில ஒவ்வொண்டா அவன்ட கணக்கிலயே வாங்கிப் போடோணும்.

டிஸ்கி: சித்தப்பா இப்ப இரவு வேலை முடிஞ்சு வந்து டெக்கில சதுரங்கம் விளையாடுறார். சண்டை வரக்கூடாது எண்டு சொன்ன அதே ஆள்தான்.