முயல் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறதா?

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் பக்கம் வாடகைக்குத் தங்கி ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கு முயல் வசதியான செல்லப்பிராணி. அது குரைக்காது. காலையும் மாலையும் வெளியே கூட்டிப்போகச் சொல்லாது. நாய் வேண்டாம் என்கிற வீட்டுக்காரர்கூட முயலுக்குப் பெரும்பாலும் மறுப்பு சொல்வதில்லை. அந்தச் சத்தமின்மைதான் அதற்கு ஆபத்தும். காட்டில் வேட்டையாடப்படும் இனம் என்பதால் நோயை வெளியே காட்டாமல் இருப்பது அதன் இயல்பு. சிறுநீரக நோய் வந்த முயல் மூலையில் சுருண்டு கிடக்கிறது என்று நாம் கவனிக்கும்போது சிறுநீரகம் பாதிக்குமேல் போயிருக்கும்.

இன்னொரு சிக்கல், முயல் வளர்ப்பு பற்றி நம்மூரில் கிடைக்கும் ஆலோசனை. விற்பவர் சொல்வது, யூடியூபில் தமிழில் பார்ப்பது, தீவன மூட்டையில் அச்சிட்டிருப்பது எல்லாம் பெரும்பாலும் இறைச்சிப் பண்ணை அறிவு. பண்ணை முயல் ஏறத்தாழ மூன்று மாதத்தில் இரண்டு கிலோ எடை வந்ததும் விற்பனைக்குப் போய்விடும். அதை வேகமாக வளர்க்கக் கொடுக்கும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் நிறைந்த தீவனம் அந்த மூன்று மாதத்துக்குள் எந்தக் கெடுதலும் செய்யாது. வீட்டு முயலோ எட்டு முதல் பத்து ஆண்டு வரை வாழக்கூடியது. அதே தீவனத்தை ஐந்தாறு ஆண்டு தின்ற முயலின் சிறுநீரகம் என்ன ஆகும் என்ற கேள்வி பண்ணைக்காரருக்கு எழவே எழாது. அதனால் பதிலும் அவரிடம் இல்லை.

முயலின் உடல் சுண்ணாம்பைக் கையாளும் விதம் தனி. நாயும் பூனையும் நாமும் உணவிலிருந்து தேவையான அளவு கால்சியத்தை மட்டும் உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தைப் பெரும்பாலும் மலத்தில் தள்ளிவிடுகிறோம். முயலின் குடல் கிடைத்ததில் பெரும்பங்கை ரத்தத்தில் ஏற்றிவிடும். மிகுதியை வெளியேற்றும் முழு வேலையும் சிறுநீரகத்தின் தலையில் விழும். நல்ல முயலின் சிறுநீரே சற்றுக் கலங்கலாக இருப்பது இதனால்தான். உணவில் கால்சியம் மிஞ்சி, குடிக்கும் தண்ணீரும் குறைந்தால் அது சேறுபோலச் சிறுநீர்ப்பையில் படியும், கல்லாகும். பற்பசை மாதிரி வெள்ளையாக, கெட்டியாகச் சிறுநீர் வந்தால் அதுதான் அறிகுறி.

எனவே முதலில் உணவைப் பாருங்கள். குதிரைமசால், வேலிமசால் இரண்டும் வளரும் குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் சரி, வளர்ந்த முயலுக்கு அன்றாட உணவு அல்ல. நம் வீடுகளில் அன்போடு போடும் அகத்தி, முருங்கைக் கீரைகள் இன்னும் கவனிக்க வேண்டியவை. 100 கிராம் அகத்தியில் ஏறக்குறைய ஒரு கிராம் கால்சியம் இருக்கிறது. மனிதருக்கு வரமான இந்தக் கீரை, சிறுநீரகம் பழுதான முயலுக்குச் சுமை. முயலின் தட்டில் பெரும்பகுதி புல்லாகவே இருக்க வேண்டும்: அருகம்புல், உலர்த்திய புல், கிடைத்தால் டிமோதி புல். கொத்தமல்லி, கீரைத்தண்டு போன்றவற்றை ஈரத்தோடு கொஞ்சம் கொடுக்கலாம். பெல்லட் தீவனம் ஒரு கைப்பிடிக்குள் நிற்க வேண்டும். கால்சியத்தை அடியோடு நிறுத்துவதும் தவறு. முயலின் பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பது, எலும்போடு அதற்கும் கால்சியம் வேண்டும்.

புல் அறுக்கும் இடமும் முக்கியம். ஒரகடம் சாலையோரத்தில் லாரிப் புகையிலும் டீசல் கசிவிலும் வளர்ந்த புல், ஆலைக் கழிவுநீர் ஓடும் வாய்க்கால் புல், களைக்கொல்லி அடித்த காலிமனைப் புல், மூன்றும் வேண்டாம். சாலையை விட்டு உள்ளே தள்ளியுள்ள ஏரிக்கரையில் அறுத்து, நன்றாகக் கழுவிப் போடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நான் பிடிவாதமாகவே சொல்வேன்: கூண்டில் மாட்டும் சொட்டுப் பாட்டிலோடு கவிழாத கனமான கிண்ணமும் வையுங்கள். கிண்ணத்திலிருந்து முயல் கூடுதலாகக் குடிக்கும். போர் தண்ணீர் உப்புக் கரித்தால் அது குடிப்பதைக் குறைத்துவிடலாம். நீங்கள் குடிக்கும் கேன் தண்ணீரையே அதற்கும் ஊற்றுங்கள். ஷீட் கூரை போட்ட மாடி அறை மே மாதத்தில் அடுப்பாகிவிடும். முயலுக்கு வியர்க்காது, பெரும்பாலும் காது வழியாகத்தான் உடல் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரி தாண்டினாலே திணறத் தொடங்கும். பகல் ஷிஃப்ட் போகும்போது ஜன்னல் திறந்து, ஃபேன் போட்டு, உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போங்கள். கரண்ட் போனாலும் அந்தப் பாட்டில் சில மணிநேரம் காக்கும். நீர்ச்சத்து வற்றிப்போகும் ஒவ்வொரு முறையும் சிறுநீரகம்தான் அடிவாங்குகிறது.

இனி சிறுநீரக நோயின் அறிகுறிகள். ஆரோக்கியமான முயல் ஒரு நாளில் கிலோவுக்கு 50 முதல் 150 மில்லி வரை தண்ணீர் குடிக்கும். இரண்டு கிலோ முயல் 300 மில்லியைத் தொடர்ந்து தாண்டினால் சந்தேகப்படுங்கள். கழிவறைத் தட்டு முன்பைவிட அதிகம் நனைவது, பின்பகுதி ரோமம் எப்போதும் ஈரமாகவே இருப்பது, முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படுவது, பிடித்த கீரையை முகர்ந்துவிட்டுத் திரும்புவது எல்லாம் இதோடு சேரும். ஈரத்தில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிட்டால் ஒரே நாளில் உயிருக்கு ஆபத்து. எடையைக் கண்ணால் மட்டும் கணிக்க முடியாது, ரோமம் மறைத்துவிடும். வாரம் ஒருமுறை வாரவிடுப்பு நாளில் கிச்சன் தராசில் நிறுத்து எழுதுங்கள். இரண்டு கிலோ முயலுக்கு 200 கிராம் குறைவது, 60 கிலோ மனிதர் ஆறு கிலோ இளைப்பதற்குச் சமம்.

சிவப்பாகச் சிறுநீர் வந்ததும் பதற வேண்டியதில்லை. சில தாவர நிறமிகளால் நல்ல முயலுக்கும் ஆரஞ்சு, செம்பழுப்பு நிறங்களில் வரும். ரத்தமா நிறமியா என்பதைச் சோதனைப் பட்டையில் மருத்துவர் நிமிடத்தில் சொல்லிவிடுவார். கருத்தடை செய்யாத, மூன்று நான்கு வயது தாண்டிய பெண் முயலாக இருந்தால் தாமதிக்காதீர்கள். கருப்பைக் கட்டி அவற்றுக்கு அதிகம், அதிலிருந்து வரும் ரத்தமும் சிறுநீரோடு கலந்தே தெரியும்.

உணவு மட்டுமே காரணமல்ல. என்செஃபாலிட்டோசூன் குனிகுலி என்ற நுண்ணுயிரி முயலின் மூளை, கண், சிறுநீரகம் மூன்றையும் தாக்கும். தொற்றிய முயலின் சிறுநீர் வழியாக மற்ற முயலுக்குப் பரவும். தலை ஒருபக்கம் சாய்வது, பின்னங்கால் தளர்வது இதன் அடையாளங்களாக இருக்கலாம். தலைசாய்வு காதுத் தொற்றாலும் வரும் என்பதால் நீங்களே முடிவு கட்ட வேண்டாம். வழக்கமான சிகிச்சை ஃபென்பெண்டசோல், 28 நாள். பாதியில் நிறுத்தக்கூடாது. நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குறைந்த மனிதர்களுக்கும் இந்த நுண்ணுயிரி அரிதாகத் தொற்றலாம். கீமோ எடுப்பவரோ உறுப்பு மாற்று செய்தவரோ வீட்டில் இருந்தால் கழிவறைத் தட்டைச் சுத்தம் செய்வதை இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

மருத்துவத்துக்கு எங்கே போவது? பகுதியிலுள்ள அரசு கால்நடை மருந்தகங்களில் மாடும் ஆடும்தான் கூட்டம். 1962 எண்ணில் வரும் நடமாடும் கால்நடை ஊர்தியும் முதன்மையாகக் கால்நடைகளுக்கானது. முதலுதவிக்கும் ஆலோசனைக்கும் இவற்றை அணுகலாம். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் தேவைப்பட்டால் வேப்பேரியில் 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ரத்தத்தில் யூரியா, கிரியேட்டினின் ஏறுவது சிறுநீரகத் திறனில் பெரும்பகுதி போன பிறகுதான். அதனால் ஒருமுறை ‘நார்மல்’ என்று வந்தாலும் அறிகுறி தொடர்ந்தால் மறுபடி பாருங்கள். நீங்கள் எழுதிய எடைக் குறிப்பு அப்போது மருத்துவருக்குப் பெரிய உதவி.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். அமாக்சிசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்துகளை வாய்வழி கொடுத்தால் குடல் கிருமிச் சமநிலை குலைந்து முயல் செத்தே போகலாம். நாய்க்கு உண்ணிக்காகத் தெளிக்கும் ஃபிப்ரோனில் முயலுக்கு நஞ்சு. நமக்கான வலி மாத்திரைகள் பழுதான சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். 12 மணி நேரம் ஒன்றும் தின்னாத, புழுக்கை போடாத முயல் அவசர நோயாளி. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தால் தட்டு அப்படியே இருக்கிறது என்றால், தூங்கி எழுந்து பார்ப்போம் என்று விடாதீர்கள்.

நாட்பட்ட சிறுநீரக நோய் குணமாகாது. ஆனால் பல முயல்கள் நல்ல பராமரிப்பில் மாதக்கணக்கில், சில ஆண்டுக்கணக்கில் நிம்மதியாக இருக்கும். தோலுக்கடியில் டிரிப்ஸ் ஏற்றுவதை மருத்துவர் சொல்லிக்கொடுத்தால் வீட்டிலேயே செய்யலாம். அறையில் இருக்கும் இன்னொருவரும் அதைக் கற்றுக்கொள்ளட்டும், ஷிஃப்ட் மாறும்போது சிகிச்சை விடுபடாது.

‘முயல்தானே, செத்தா வேற வாங்கிக்கலாம்’ என்று சொல்பவர்களுக்குச் சட்டம் வேறு பதில் வைத்திருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதாவின் தொடர்ச்சியாக வந்தது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதன் 3ஆம் பிரிவு, பொறுப்பில் உள்ள விலங்கின் நலனைப் பேணுவதையும் தேவையற்ற வலியைத் தடுப்பதையும் வளர்ப்பவரின் கடமையாக்குகிறது. உணவு, தண்ணீர், இருப்பிடம் போதிய அளவு தராததும், நியாயமின்றிக் கைவிடுவதும் 11ஆம் பிரிவின்படி குற்றம். நோயாளி முயலை ஏரிக்கரையில் விட்டுவிட்டு வருவது இதில்தான் சேரும். முதல் குற்றத்துக்கு அபராதம் இன்றும் 10 முதல் 50 ரூபாய்தான் என்பது வெட்கக்கேடு. ஆனாலும் காவல் நிலையத்திலும் மாவட்ட விலங்குவதைத் தடுப்புச் சங்கத்திலும் புகார் கொடுக்கலாம்.

விற்பவருக்கும் பொறுப்பு உண்டு. 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளில் முயலும் பெயர் குறிப்பிட்டே சேர்க்கப்பட்டிருக்கிறது. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாத கடை அதை விற்கக்கூடாது. வாங்கும்போது பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், ரசீது வாங்குங்கள். வெளியே பிடித்த காட்டு முயலை யாராவது விற்றால் வாங்காதீர்கள். அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது.

வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் முயல் வைத்திருப்பதை ஒரு வரியாக எழுதி வாங்கிவிடுவது நல்லது. செல்லப்பிராணியே கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என்பது இந்திய விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதல். தனி வீட்டுக்காரரிடமோ ஒப்பந்தத்தில் எழுதியதுதான் பேசும். பெண்கள் விடுதியில் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வளர்ப்பதாக இருந்தால், அந்த முயலை வாங்கவே வேண்டாம்.

கட்டணம் வாங்கிய தனியார் மருத்துவமனையில் அலட்சியம் நடந்தாலோ, நோயுள்ள முயலை மறைத்து விற்றாலோ 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வழக்குப் போடலாம். முதலில் 1915 உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. முயலை வாங்கியது வேறு மாவட்டமாக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்து ஆணையத்திலேயே மனு செய்யலாம். ரசீது, மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். சிகிச்சை அளித்தவர் தமிழ்நாடு கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா என்பதையும் சீட்டில் உள்ள பதிவு எண்ணைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.