காருக்குக் காரம் ஆகாது

தலையைக் குனிந்து வாங்க, மேலே ஹோஸ் தொங்குகிறது. காலைப் பார்த்து வையுங்க, கீழேயும் ஹோஸ்தான்! வாடிக்கையாளர் உள்ளே வரக்கூடாது என்று வாசலில் ஒரு தகரப் பலகை, மலையாளத்தில். அதன்மேல் யாரோ ரப்பர் மேட்டைக் காயப்போட்டுப் பாதி எழுத்தை மறைத்துவிட்டார்கள். எனக்கு மலையாளம் பாதிதான் படிக்க வரும். அந்தப் பாதி மேட்டுக்குப் பின்னால் போய்விட்டது. அதனால் நுழைந்துவிட்டேன்.

இடம் உதியன்குளங்கரை. நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கே வந்தால் அமரவிளை தாண்டி, பாறசாலைக்கு முன்னால். 111.2 அடி உயரச் சிவலிங்கம் இருக்கிறதே, செங்கல் மகேசுவரம் கோயில், அது பக்கத்தில்தான். இது சாலையோரத்து வாட்டர் சர்வீஸ் கொட்டகை. முன்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி, நேற்றைய செய்தித்தாள், காற்றாடி என்று எல்லாம் மரியாதையாக இருக்கும். நாம் பார்க்க வந்தது பின்பக்கம்.

மூன்று வண்டிகள் நிற்கின்றன. கே.எல். 19, பாறசாலை. கே.எல். 20, நெய்யாற்றின்கரை. டி.என். 75, மார்த்தாண்டம். 1956 நவம்பர் 1 அன்று மார்த்தாண்டம் பக்கத்து விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. சேற்றுக்கு அந்தச் சேதி இன்னும் எட்டவில்லை. மூன்று மட்கார்டுக்குள்ளும் ஒரே செம்மண். பேச்சும் அப்படித்தான். 'வெள்ளம் அடி' என்கிறான் ஒரு பையன். 'செரி அண்ணா' என்கிறான் இன்னொருவன். அஸ்ஸாமிலிருந்து வந்த மூன்றாமவன் இரண்டு மொழிக்கும் பொதுவாக 'ஆயி' என்று முடித்துவைக்கிறான்.

மூலையைப் பாருங்களேன்! மூடி தொலைந்த கேன்கள், காது அறுந்த பக்கெட்டுகள், ஒற்றைச் செருப்பு, மூன்று தலைமுறை ஸ்பாஞ்சு. ஜன்னல் திண்டில் குளிர்பான பாட்டில் ஒன்று; உள்ளே நீலத் திரவம், வெளியே மார்க்கர் பேனாவில் மலையாளத்தில் 'குடிக்கல்லே', குடிக்காதே. ஷாம்புவாம். பாட்டிலில் ஊற்றி வைத்தது தப்பு என்று எழுதினவருக்கே தெரிந்திருக்கிறது.

"யாரது?" என்று ரேம்ப்புக்கு அடியிலிருந்து ஒரு குரல். ஆசான்! இந்தப் பக்கம் தொழில் தெரிந்தவரை ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். முழங்கால்வரை மடித்த கைலி, நனைந்து உடம்போடு ஒட்டிய பனியன், காதில் செருகிய பென்சில். அந்தப் பென்சிலால் அவர் எதையும் எழுதி நான் பார்க்கவில்லை.

வந்த காரணத்தைச் சொன்னேன். வீட்டில் நானே வண்டி கழுவுகிறேன், எந்தச் சோப்பு நல்லது? அவர் பதில் சொல்லாமல் வெளியே நடந்தார். என் வண்டியின் பானெட்டில் ஒரு விரலை இழுத்தார்.

"என்னத்த வச்சுத் தேச்சிய மக்களே?"

"துணிப் பொடி..."

பையன்கள் மூவரும் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அஸ்ஸாம் பையனுக்கு யாரும் மொழிபெயர்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

அடுத்த காட்சிதான் எனக்குக் கிடைத்த அல்வா. ஆசானின் மகள் பத்தாம் வகுப்பு. லிட்மஸ் தாள் கொஞ்சம் அவளிடம் இருந்தது. அப்பா கூப்பிட்டதும் பழைய டப்பாக்களைக் கவிழ்த்து மேசை போட்டாள். நான்கு மக்கில் நான்கு கரைசல். துணிப் பொடித் தண்ணீரில் சிவப்புத் தாள் முங்கியதோ இல்லையோ, நீலம்! பார் சோப்பிலும் நீலம். பாத்திரம் கழுவும் திரவத்தில் பெரிதாக மாற்றமில்லை. நீல ஷாம்புவில் சிவப்பு சிவப்பாகவே இருந்தது. எல்லாரும் கிரிக்கெட் பார்ப்பதுபோல் குனிந்து நின்றோம். ரேம்ப்பில் இருந்த வண்டி சொட்டிக்கொண்டே கிடந்தது.

"காரம்" என்றாள் அவள், தேர்வு முடிவு சொல்லும் தோரணையில். என் பாட்டி சோப்பைச் சவுக்காரம் என்பாள். பெயருக்குள்ளேயே இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. எண்ணெயோடு காஸ்டிக் சோடா சேர்த்துச் செய்வது பார் சோப்பு. பொடியில் சலவைச் சோடா. துணியின் பிசுக்குக்கு அந்தக் காரம் வேண்டும். காரின் மேலோ, பெயின்டுக்கு மேல் கண்ணாடிபோல் ஒரு படலம், அதற்கும் மேல் மெழுகுப் பூச்சு. பொடி முதலில் மெழுகைத் தின்றுவிடும். பிறகு பளபளப்பு போகும், கறுப்புப் பிளாஸ்டிக் ஓரங்கள் வெளிறும். என் வண்டியே சாட்சி.

அப்படியென்றால் பாத்திரத் திரவம் பாஸா? ஆசான் உதட்டைப் பிதுக்கினார். காரம் குறைவுதான், ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை அறுப்பதற்கென்றே செய்தது; மெழுகையும் பிசுக்கு என்றே நினைக்கும். புது மெழுகு போடுவதற்கு முன்னால், பழையதை எடுக்க ஒரு தடவை போடலாமாம். வாராவாரம் கூடாது. தலைக்குப் போடும் ஷாம்பு? அவசரத்துக்கு ஆகும், ஆனால் கண்டிஷனர் கலந்ததென்றால் கண்ணாடியில் கோடு கோடாக நிற்கும். கார் ஷாம்புதான் சரி. பாட்டிலில் 'பி.எச். நியூட்ரல்', அதாவது காரமும் இல்லை, அமிலமும் இல்லை, என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒரு வாளிக்கு எத்தனை மூடி என்று அதிலேயே போட்டிருப்பார்கள். அதற்குமேல் ஒரு சொட்டும் வேண்டாம். எந்தக் கம்பெனி என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கேனின் லேபிளைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார்!

இப்போது நுரை நேரம். பையன் ஃபோம் கன்னை எடுத்தான், டி.என். 75 ஒரு நிமிடத்தில் வெண்பொங்கலாகிவிட்டது. முன்பக்கத்து நாற்காலியிலிருந்து அதன் சொந்தக்காரர் செல்போனில் படம் எடுத்தார். ஆசான் என் காதில், "இதுல பாதி அவருக்கு, பாதி வண்டிக்கு." நுரை ஊறினால் மண் இளகும், அது உண்மை. ஆனால் நுரை கூடினால் சுத்தம் கூடாது. தேங்காய் எண்ணெய் சோப்பு கடல்நீரில்கூட நுரைக்கும். அதற்காக அதை எடுத்துக் காரில் தேய்க்க முடியுமா? ஷாம்புவின் பெரிய வேலையே வழுக்குவதுதான். துணிக்கும் பெயின்டுக்கும் நடுவில் மண் அரைபடாமல் வழுக்கிப் போக வேண்டும்.

அதைக் காட்ட அவர் ஒரு பக்கெட்டின் அடியைத் துழாவினார். உள்ளங்கையில் செம்மண், நறநறவென்று. "இத வச்சுதான் ஜனங்க தேய்க்கு." ஆகவே எப்போதும் இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புவில் முக்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும், சக்கரத்துக்குத் தனித் துணி. எல்லாவற்றுக்கும் முன்னால் வெறும் தண்ணீர் அடித்து மண்ணை ஓட்டிவிட வேண்டும். என்னைக் கேட்டால், சோப்பை மாற்றுவதைவிட இந்த இரண்டாவது வாளிதான் பெரிய விஷயம். ஆனால் அதை யார் விளம்பரம் போட்டு விற்பது?

நடுவில் ஒரு கலாட்டா. கே.எல். 20 ராத்திரி முழுக்கப் பலா மரத்தடியில் நின்றிருக்கிறது, கூரையெல்லாம் பிசின். சின்னப் பையன் பிளேடைத் தூக்கினான். "லேய்!" என்று ஆசான் போட்ட சத்தத்தில் பிளேடு கீழே விழுந்தது, கூடவே என் டீயும். பிறகு உள்ளேயிருந்து வந்தது தேங்காய் எண்ணெய். பலாச்சக்கை வெட்டும் முன் கையில் தடவுவோமே, அதே வித்தை! தடவி, கொஞ்சம் ஊறவிட்டு, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, ஷாம்பு போட்டு அலசினார்கள். எல்லாம் நிழலில்தான். வெயிலில் ஷாம்பு காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும்.

கிளம்பும்போது ஒன்று கண்ணில் பட்டது. ஆசானின் ஸ்கூட்டர், பின்சுவரோரம், சீட்டின்மேல் பாதி கரைந்த பார் சோப்பு. நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். "இது பழசு மக்களே, இதுக்க மேல மெழுகே கெடயாது" என்றார்.

வீட்டில் கழுவுகிறவர்களுக்குக் கடைசியாகத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவித்தது. உங்கள் ஊரில் அந்தத் தொல்லை இல்லையென்றாலும் ஹோஸைத் திறந்துவிட்டு நிற்காதீர்கள், வாளி போதும். முற்றத்தில் கிணறு இருந்தால் வண்டியை அதிலிருந்து தள்ளி நிறுத்துங்கள், சோப்புத் தண்ணீர் கிணற்றுப் பக்கம் ஓட வேண்டாம். துணிப் பொடி டப்பா துணி துவைக்கும் கல் பக்கத்திலேயே இருக்கட்டும்.