சாந்து பூசாத கற்கூரை ஆயிரம் ஆண்டாக விழாமல் நிற்பது எப்படி?

நாவிதன்வெளியிலிருந்து மட்டக்களப்பு வழியாகப் பொலன்னறுவைக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே சோழர் கட்டிய, ‘இரண்டாம் சிவாலயம்’ எனப்படும் கோயிலைக் கட்டாயம் பாருங்கள். வானவன்மாதேவி ஈச்சரம் என்பது அதன் பழைய பெயர். 11ஆம் நூற்றாண்டுக் கட்டடம். விமானம் உச்சிவரை கல்தான்.

கருவறைக்கு மேலே வெற்றிடம். கல் ஏன் உள்ளே விழவில்லை?

வீட்டிலேயே செய்து பாருங்கள். மேசை விளிம்பில் ஒரு கொப்பியைக் கொஞ்சம் வெளியே நீட்டி வையுங்கள். பாதிக்கு மேல் நீட்டினால் விழும். பின்பக்கத்தில் பாரம் வைத்தால்? நிற்கும். அதன்மேல் இன்னொரு கொப்பியை இன்னும் சற்று நீட்டலாம்.

சிற்பிகள் செய்ததும் இதுவே. நாலு சுவரிலும் ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ்வரிசையைவிடச் சிறிது உள்ளே நீளும். அதன் பின்பகுதியை மேல்வரிசைகளின் எடை அழுத்திப் பிடிக்கும். ஏற ஏற இடைவெளி சுருங்கும்; கடைசியில் உச்சிக்கல் மூடிவிடும்.

ஒரே நீளக் கல்லைப் பரப்பியிருக்கலாமே என்கிறீர்களா? கல் நசுக்கலைத் தாங்கும், வளைவைத் தாங்காது. நடுவில், அடிப்புறத்தில் விரிசல் விடும்.

அருகே லங்காதிலக விகாரை, ஒரு நூற்றாண்டு இளையது, செங்கல்லால் ஆனது. அதற்கு இன்று கூரை இல்லை. சிறிய செங்கல் அதிகம் நீள முடியாது. சாந்தை நம்பியே நிற்கும். சிவாலயத்துக் கற்களோ தம் எடையையே பிடிமானமாக்கிக்கொண்டன.